"அப்பவே சொன்னாங்க" மீம்கள்: சார்வரி வெண்பாவிலிருந்து ஜப்பான் காமிக்ஸ் வரை

தாமிரபரணி | 2 ஆகஸ்ட் 2025, காலை 9.10

ஜப்பானில் பேரழிவு வரும் என்று புரளி கிளம்பிய ஜூலை 5 வந்தது, போனது. ஜப்பான் அப்படியே இருக்கிறது. புரளி அதோடு அடங்கிவிடும் என்று பார்த்தால், ஜூலை 30 அன்று ரஷ்யாவின் கம்சட்காவில் 8.8 அளவில் நிலநடுக்கம் வந்ததும் எங்கள் சொந்தக்காரர் குழுவில் அதே காமிக்ஸ் அட்டை மறுபடி வந்து இறங்கியது. மேலே சிவப்பு எழுத்தில் "சொன்னது நடந்துவிட்டது".

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ரியோ தாட்சுகி என்பவர் ஜப்பானிய காமிக்ஸ் ஓவியர். தான் கண்ட கனவுகளை வைத்து 1999-ல் ஒரு புத்தகம் போட்டார். 2011 மார்ச்சில் பெரும் பேரழிவு என்று அட்டையிலேயே ஒரு குறிப்பு. 2011 மார்ச் 11 அன்று அங்கே சுனாமி வந்தது. அதுவரை யாரும் சீந்தாத புத்தகத்துக்குப் பிற்பாடு ஏக கிராக்கி. 2021-ல் வந்த புதுப்பதிப்பில் அடுத்த கணிப்பு சேர்ந்தது: 2025 ஜூலையில் ஜப்பானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் நடுவே கடலடி பிளக்கும், 2011-ஐப் போல மூன்று மடங்கு உயரத்துக்கு அலை எழும். இதைப் படித்துவிட்டு ஹாங்காங்கில் நிறையப் பேர் ஜப்பான் பயணத்தையே ரத்து செய்தார்கள். அங்குள்ள ஒரு விமான நிறுவனம் சென்டாய், தோகுஷிமா நகரங்களுக்கான சேவையைக் குறைத்தது. கடைசியில் ஜப்பான் வானிலை முகமையின் தலைவரே செய்தியாளர்கள் முன்னால் வந்து இது புரளி என்று சொல்ல வேண்டியதாயிற்று.

சரி, இப்போது கணக்குப் பாருங்கள். புத்தகம் சொன்ன கடல் ஜப்பானுக்குத் தெற்கே. கம்சட்கா வடக்கே. ஜப்பான் கரையில் பதிவான அலை அதிகபட்சம் 1.3 மீட்டர். நாளும் தப்பு, இடமும் தப்பு, அளவும் தப்பு. பிறகு எது "நடந்துவிட்டது"? நம்புகிறவர்களைக் கிண்டல் செய்ய இந்த இழையைத் தொடங்கவில்லை. இந்தப் படங்களை யார் செய்கிறார்கள், எந்த வழியாக ஓடுகின்றன என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

மீம்ஸ் மாரி | காலை 9.48

நான் ஒரு மீம் பக்கத்தில் அட்மின். பக்கத்தின் பெயர் வேண்டாம். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

பெரிய சம்பவம் ஏதாவது நடந்தால் முதல் ஒரு மணி நேரம்தான் ரீச். புதிதாக யோசிக்க நேரம் கிடையாது. எல்லோருக்கும் ஏற்கெனவே பழக்கமான காட்சி வேண்டும். அதனால் பழைய படங்களில் துழாவுவோம். வெள்ளமா, தண்ணீர் புகுந்த காட்சி எங்கே? நோயா, முகமூடி போட்ட காட்சி எங்கே? கிடைத்ததும் மேலே செய்திப்படம், கீழே சினிமா ஸ்டில், நடுவில் "தலைவன் அப்பவே சொன்னான்". ஓரத்தில் வடிவேலு முழிக்கிற முகம். போடுகிற எங்களுக்கும் இது காமெடி, முதலில் பார்க்கிறவர்களுக்கும் காமெடி.

அப்புறம் இன்னொரு பக்கம் அதை எடுக்கும். எங்கள் வாட்டர்மார்க்கை வெட்டுவதற்காக ஓரத்தை வெட்டுவார்கள். வாட்டர்மார்க்கோடு வடிவேலுவும் போய்விடுவார். மிஞ்சுவது ஸ்டில்லும் படம் வந்த ஆண்டும். அது வாட்ஸப்பில் கை மாறி மாறிச் சுருங்கி மங்கிப்போகும். மங்கலாக இருந்தால் பழசு, பழசாக இருந்தால் உண்மை என்று ஒரு நினைப்பு எல்லோருக்கும் உண்டு. கடைசியாக யூடியூபில் ஒருவர் பின்னணி இசையோடு "அதிர வைக்கும் உண்மை" என்று வாசிப்பார். நாங்கள் போட்ட அதே படம்தான். சிரிப்பு மட்டும் வழியில் உதிர்ந்திருக்கும்.

2020 தொடக்கத்தில் "7ஆம் அறிவு" ஓடிய ஓட்டம் ஞாபகம் இருக்கும். 2011 தீபாவளிக்கு வந்த படம். சீனாவிலிருந்து வருகிறவன் சென்னையில் ஒரு நாய்க்கு ஊசி போட்டு நோயைப் பரப்புவான். கமென்டில் ஒரே ஒருவர், "2002-ல் சார்ஸ் சீனாவின் குவாங்டாங்கில்தானே ஆரம்பித்தது, டைரக்டர் அதைப் பார்த்து எடுத்திருப்பார்" என்று எழுதினார். அந்த கமென்டை யாரும் சீண்டவில்லை.

கோவை மணிமேகலை | காலை 10.30

மாரி தம்பி சொன்னதுதான் இந்த விஷயத்தின் முதுகெலும்பு. யாரும் கணிப்பைப் பார்த்துவிட்டுச் சம்பவத்துக்குக் காத்திருப்பதில்லை. சம்பவம் நடந்த பிறகு கணிப்பைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

தமிழில் இதற்குப் பெரிய உதாரணம் கமல் பட்டியல். மின்னஞ்சல் காலத்திலேயே வந்தது, இன்னும் சாகவில்லை. "மகாநதி" சீட்டு மோசடியைச் சொன்னது, பிறகு ஃபைனான்ஸ் கம்பெனிகள் கவிழ்ந்தன. "ஹே ராம்" 2000, குஜராத் கலவரம் 2002. "அன்பே சிவம்" 2003 பொங்கலுக்கு வந்தது, அதில் சுனாமி பற்றிப் பேசுவார், 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. தொடர் கொலைகளைக் காட்டிய "வேட்டையாடு விளையாடு" 2006 ஆகஸ்ட், நொய்டா நிதாரி தொடர் கொலைகள் 2006 டிசம்பர்.

ஒவ்வொன்றாகப் பாருங்கள். நிதாரி கொலைகள் வெளிச்சத்துக்கு வந்ததுதான் டிசம்பரில். அங்கே குழந்தைகள் காணாமல் போவது படம் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சீட்டு மோசடி 1994-க்கு முன்பு இல்லாத ஒன்றா? பரிசுச் சீட்டுகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டமே 1978-ல் வந்தது, சீட்டு நிதிச் சட்டம் 1982-ல். ஏமாந்தவர்கள் இருந்ததால்தானே சட்டம் போட்டார்கள்! "ஹே ராம்" 1946 கல்கத்தாக் கலவரத்தைக் காட்டியது. 1992-93 கலவரங்களைப் பார்த்த நாட்டில் அந்தப் படத்தை எடுத்தவர் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுனாமிகூட அப்படித்தான். 1998 ஜூலையில் பப்புவா நியூ கினியில் சுனாமி வந்து 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள், உலகச் செய்தி அது. நிறைய வாசிக்கிற ஒருவர் அதை வசனத்தில் கொண்டுவந்தால் அவர் செய்தித்தாள் படிக்கிறவர் என்று அர்த்தம்.

அப்புறம் இருநூறுக்கு மேல் படங்களில் நடித்தவர். "மைக்கேல் மதன காமராஜன்" எதைக் கணித்தது? "சதிலீலாவதி"? அவை பட்டியலில் ஏறுவதே இல்லை.

ஆழ்வார்பேட்டை ரசிகன் | காலை 10.52

மேடம், சதிலீலாவதி எங்கள் வீட்டுக் கதையைக் கணித்தது. அதை விடுங்கள்.

அந்தப் பட்டியலை அனுப்புகிற ரசிகர்கள் அவர் ஜோசியம் பார்த்தார் என்றா நம்புகிறோம்? "எங்க ஆள் எவ்வளவு முன்னாடி யோசிக்கிறார் பாரு" என்ற பெருமை, அவ்வளவுதான். ஒரு படம் வந்தபோது ஓடவில்லை, "அன்பே சிவம்" அப்படித்தான், பிறகு அதைக் கொண்டாட ஒரு காரணம் வேண்டும். இந்த மீம் அந்தக் கடனை அடைக்கிறது. நீங்கள் எல்லாவற்றையும் மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

தாமிரபரணி | காலை 11.05

ரசிகன் சொல்வது ஒரு நல்ல புள்ளி. ஆனால் அந்தப் பெருமை ரசிகர் வட்டத்துக்கு வெளியே போகும்போது என்ன ஆகிறது? என் அத்தைக்குக் கமலும் தெரியாது, மீமும் தெரியாது. அவருக்கு வந்து சேர்வது "படத்தில் முன்பே காட்டிவிட்டார்கள், ஆக எல்லாம் திட்டமிட்ட சதி" என்ற குரல்பதிவு.

பழைய பேப்பர் | பகல் 12.20

இணையம் வந்த பிறகு வந்த நோய் என்று நினைக்காதீர்கள். 1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் சேர்ந்தன. அஷ்டகிரகச் சேர்க்கை. எனக்குப் பள்ளிக்கூட வயது. உலகம் அழியும் என்று நாடு முழுக்கப் பேச்சு. வடக்கே பெரிய பெரிய யாகங்கள் நடந்தன. பிரதமர் நேரு அதைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் தெருவில் அந்த மூன்று நாளும் யாரும் வெளியூர் கிளம்பவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. யாகம் காப்பாற்றிவிட்டது என்றார்கள். அக்டோபரில் சீனப் போர் மூண்டதும் அதே ஆட்கள், "அஷ்டகிரகம் சொன்னது இதைத்தான்" என்று திருப்பினார்கள். இப்போது ஜூலை 5 போய் ஜூலை 30 வந்திருக்கிறது, தாமிரபரணி. அன்றைக்கு எட்டு மாதம் பொறுத்தார்கள், இன்று இருபத்தைந்து நாளிலேயே கிடைத்துவிட்டது.

சங்கிலிக் கடிதங்களையும் சொல்ல வேண்டும். கோயிலில் பாம்பு மனித உருவெடுத்துப் பேசியது, இதை அச்சடித்து ஆயிரம் பேருக்குக் கொடுத்தவருக்கு லாட்டரி விழுந்தது, கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கினார் என்று நோட்டீஸ் வரும். அச்சகத்துக்குக் காசு கொடுக்க வேண்டும், போஸ்ட் கார்டு வாங்க வேண்டும். செலவு இருந்ததால் வேகம் குறைவு. இன்னொரு வித்தியாசம், அச்சடித்ததைத் திருத்த முடியாது. 1962 பத்திரிகைகள் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. என்ன சொன்னார்கள் என்று போய்ப் பார்க்கலாம்.

பஞ்சாங்கப்பித்தன் | பகல் 1.15

சினிமா மீம்கள் எல்லாம் விளையாட்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இடைக்காடர் வெண்பாவை என்ன செய்வீர்கள்? ஒவ்வொரு பஞ்சாங்கத்திலும் முதல் பக்கங்களில் அச்சாகி வருவது. சார்வரி ஆண்டு வெண்பாவில் மக்கள் தீராத நோயால் திரிவார்கள் என்று தெளிவாக இருக்கிறது. சார்வரி பிறந்தது 2020 ஏப்ரல் 14. யாரும் பிறகு எழுதிச் சேர்த்தது இல்லை. எங்கள் தாத்தா காலத்துப் பஞ்சாங்கத்திலும் அதே வெண்பா. பழைய பேப்பர் ஐயாவே அச்சடித்ததை மாற்ற முடியாது என்கிறாரே!

கோவை மணிமேகலை | பகல் 2.40

பித்தன் சார், உங்கள் வாதத்தை மதிக்கிறேன். வெண்பா உண்மையிலேயே பழையது, யாரும் போட்டோஷாப் செய்யவில்லை. அதனாலேயே இது எல்லாவற்றையும்விட நல்ல உதாரணம்.

அந்த நாட்களில் சுற்றிய படத்தில் வெண்பாவின் முதல் பாதிதான் இருந்தது. பின்பாதியை யாராவது அனுப்பினார்களா? மழை இல்லை, பூமியில் விளைச்சல் இல்லை, அதனால் மக்கள் மடிவார்கள் என்று போகிறது. 2020-ல் என்ன நடந்தது? நாடு முழுவதும் தென்மேற்குப் பருவமழை சராசரியைவிட 9 சதவீதம் அதிகம். நவம்பர் கடைசியில் நிவர் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. 2021 ஜனவரியில், இன்னும் சார்வரிதான், டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல் மழையில் சாய்ந்தது. உணவு தானிய உற்பத்தி அந்த ஆண்டு நாட்டிலேயே அதுவரை இல்லாத அளவு. மழை இல்லாமல் அல்ல, மழை அதிகமாகி அழுதார்கள்.

ஆண்டுக் கணக்கையும் பாருங்கள். நோய் உலகத்தில் தலைகாட்டியது 2019 டிசம்பரில். நாம் வீட்டுக்குள் அடைபட்டது 2020 மார்ச் 25. இரண்டும் விகாரி. ஆக்சிஜன் கிடைக்காமல் ஜனங்கள் தவித்த இரண்டாம் அலை உச்சத்துக்குப் போனது 2021 மே மாதம். அது பிலவ. முதல் அலை மட்டும் சார்வரிக்குள் வருகிறது.

இந்த வெண்பாக்கள் அறுபது ஆண்டுக்கு அறுபது. சுற்று முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. 1960-லும் சார்வரிதான், இதே வெண்பாதான். இந்தியாவை மிகக் கொடூரமாக வாட்டிய இன்ஃபுளுயன்சா 1918-ல் வந்தது. அது காளயுக்தி. அறுபது வெண்பாக்களில் நோய், பஞ்சம், மழைக்குறைவு, அரசர் பகை மாறி மாறி வரும். எந்த ஆண்டு எதைத் தேடினாலும் ஒரு வரி சிக்கும்.

பஞ்சாங்கப்பித்தன் | பகல் 3.05

பின்பாதியை நான் மறைக்கவில்லை. எனக்கு வந்த படத்திலேயே அது இல்லை.

மீம்ஸ் மாரி | பகல் 3.08

சார், நாங்கள் இதைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம் 🙂

தயா, லண்டன் | மாலை 4.30

நல்ல இழை. வெளிநாட்டுச் சரக்கையும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

2001 செப்டம்பரில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த கிழமையே பழைய பிரெஞ்சு ஜோசியர் நொஸ்ராடாமஸ் எழுதினது என்று ஒரு பாட்டு மின்னஞ்சலில் உலகம் முழுக்கச் சுற்றினது. கடவுளின் நகரத்தில் பெரும் இடி, இரண்டு சகோதரர்கள் பிளக்கப்படுவார்கள் என்று. அடியில் ஆண்டு 1654. அந்த மனிசன் செத்தது 1566-ல்! பாட்டை எழுதினவர் கனடாவில் ஒரு மாணவர், 1990-களில். நொஸ்ராடாமஸின் பாட்டுகள் எவ்வளவு பொத்தாம்பொதுவானவை என்று காட்டுவதற்குத் தானே ஒன்றை இயற்றி ஒரு கட்டுரையில் போட்டார். கட்டுரை உதிர்ந்துவிட்டது, பாட்டு மட்டும் பறந்தது. மாரி தம்பி சொன்ன வடிவேலு முகத்துக்கு நடந்ததுதான் அந்தக் கட்டுரைக்கும்.

மற்றது "சிம்ப்சன்ஸ்" என்ற அமெரிக்க கார்ட்டூன் தொடர். இங்கே பிள்ளைகள் எல்லாரும் கதைப்பது இதைப்பற்றித்தான். 2000 மார்ச்சில் ஒரு பாகத்தில் டிரம்ப் முன்னாள் ஜனாதிபதி என்று ஒரு பகிடி வரும், அது உண்மை. ஆனால் அதற்குச் சில மாதம் முன்னால், 1999-ல், டிரம்ப் ஒரு சிறிய கட்சி சார்பில் போட்டியிடப் பார்ப்பதாகச் சொல்லி அமெரிக்காவில் ஏற்கெனவே சிரிப்பாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்துப் பகிடி அது. மீமில் வருகிற படமோ வேறு, அவர் நகரும் படிக்கட்டில் கையசைத்து இறங்குவது. அது 2015 ஜூலையில் வெளியான சின்னக் காணொளி. அவர் அசலாகவே அப்படி இறங்கினது அதற்கு முந்தின மாதம். 2015 படத்துக்கு 2000 என்று எழுதிவிட்டால் தீர்க்கதரிசனம் தயார்.

கொரோனாக் காலத்தில் ஒரு ஆங்கில நாவலின் பக்கம் சுற்றினதே, "வூகான்-400" என்று கிருமியின் பெயரோடு. 1981-ல் வந்த முதல் பதிப்பில் அதே கிருமியின் பெயர் "கோர்க்கி-400", ரஷ்யாக்காரன் செய்தது. பனிப்போர் தணிந்த நேரத்தில் வந்த மறுபதிப்பில் வில்லனின் ஊர் மாறினது. கிருமி உண்டாகும் ஆண்டு 2020 என்று சிவப்புக்கோடு போட்ட இன்னொரு பக்கமும் கூடவே வந்ததல்லோ, அது வேறொருவருடைய வேறு புத்தகம். இரண்டையும் ஒட்டி ஒரே படமாக்கிவிட்டார்கள்.

சிங்கை வேலன் | மாலை 5.15

எங்கள் மணியை மறந்துவிட்டீர்களே! 2010 கால்பந்து உலகக் கோப்பையில் ஜெர்மனியின் பால் ஆக்டோபஸ் எட்டுக்கு எட்டு சரியாகச் சொன்னபோது, இங்கே சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு கிளி ஜோசியக்காரரின் கிளி மணி. காலிறுதி நான்கையும் சரியாக எடுத்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் சிராங்கூன் ரோட்டுக்கு வந்தன. இறுதிக்கு மணி எடுத்த சீட்டு நெதர்லாந்து, பால் எடுத்தது ஸ்பெயின். ஸ்பெயின் ஜெயித்தது. பாலுக்குச் சிலை வைத்தார்கள், மணியை எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

எட்டு ஆட்டத்தில் எட்டும் குருட்டாம்போக்கில் சரியாக வர 256-ல் ஒரு வாய்ப்பு. உலகம் முழுக்க மிருகக்காட்சி சாலைகளில் இதே வேலை நடந்தால் ஏதாவது ஒன்று ஜெயித்தே தீரும். அந்த ஒன்றுதான் மீம் ஆகும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையில், பழம் விழாத மரங்களில் உட்கார்ந்த காக்கைகளை யார் எண்ணினார்கள்?

மெரினா கிரிக்கெட் | மாலை 5.40

எங்கள் துறையில் இங்கிலாந்து பந்துவீச்சாளர் ஜோஃப்ரா ஆர்ச்சர். எது நடந்தாலும் அவருடைய பழைய ட்வீட் ஒன்று கிளம்பும். 2019 உலகக் கோப்பை இறுதியில் சூப்பர் ஓவரை அவரே போட்டார், நியூசிலாந்துக்கு 6 பந்தில் 16 தேவை. "16 from 6" என்பதையே அவர் 2013-ல் ட்வீட் செய்திருந்தார். மெய்சிலிர்த்தோம்! ஆனால் பதின்ம வயதில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கில் ட்வீட் போட்டவர். எண்களும் ஊர்ப்பெயர்களும் கொட்டிக் கிடக்கும். தேடுபெட்டியில் சொல்லைப் போட்டால் வந்துவிடும்.

இவர் பாவம், எதையும் கணிக்கவில்லை. வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு. 2014 கால்பந்து இறுதிப் போட்டிக்கு முன்பு ஒரு ட்விட்டர் கணக்கு, ஜெர்மனி கூடுதல் நேரத்தில் ஜெயிக்கும், அந்த அணியின் மரியோ கோட்சே கோல் போடுவார் என்று எழுதியிருந்தது. அப்படியே நடந்தது. எல்லா விதமான முடிவுகளையும் எழுதி வைத்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் தப்பானதை எல்லாம் அழித்திருக்கிறார்கள்.

பழைய பேப்பர் | மாலை 6.10

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். நோட்டீஸை அழிக்க முடியாது, ட்வீட்டை அழிக்கலாம்.

தாமிரபரணி | மாலை 6.25

ஐயா, வாட்ஸப்பில் இதற்குத் தடை போட்டார்களே, ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாது என்று. அது எதுவும் செய்யவில்லையா?

மீம்ஸ் மாரி | மாலை 6.50

2018-ல் இந்தியாவில் ஐந்து ஆக்கினார்கள். 2020 ஏப்ரலில், நிறையக் கை மாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆளுக்கோ குழுவுக்கோதான் அனுப்பலாம் என்று இறுக்கினார்கள். இரண்டு அம்புக்குறி விழுமே, அதுதான். ஆனால் படத்தை கேலரியில் சேமித்துப் புதிதாக அனுப்பினால் அம்புக்குறி போய்விடும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாலும் அப்படித்தான். நம் ஆட்களில் பாதிப் பேர் ஸ்டேட்டஸில் வைப்பதற்காகவே சேமிக்கிறார்கள். ஏமாற்ற வேண்டும் என்று இல்லை, பழக்கம். ஸ்டேட்டஸிலிருந்து எடுத்து வருகிற படம் நேற்றுப் பிறந்தது போல வரும்.

பஞ்சாங்கப்பித்தன் | இரவு 8.30

எல்லோரும் சேர்ந்து என்னைக் கட்டம் கட்டிவிட்டீர்கள். சரி, பிறகு தேடிக் கண்டுபிடித்தது என்ற பேச்சே வராதபடி இங்கேயே எழுதுகிறேன். இந்த விசுவாவசு ஆண்டு ஐப்பசி, கார்த்திகையில் தமிழகக் கடலோரத்தில் புயல் உண்டு.

கோவை மணிமேகலை | இரவு 8.41

சார், இதற்குப் பஞ்சாங்கம் எதற்கு? 2016 வர்தா, 2017 ஒக்கி, 2018 கஜா, 2020 நிவர், 2023 மிக்ஜாம், 2024 ஃபெஞ்சல். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் என்று என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே சொல்வார்கள். நாளும் ஊரும் சொல்லுங்கள்.

பஞ்சாங்கப்பித்தன் | இரவு 9.20

கார்த்திகை 10-க்கும் 20-க்கும் இடையில். கடலூருக்கும் நாகைக்கும் நடுவே கரை கடக்கும். போதுமா அம்மா?

தயா, லண்டன் | இரவு 9.26

பித்தன் அண்ணா, கரை கடக்காமல் பக்கத்தால் போனால் கணக்கில் சேருமா? இப்பவே சொல்லிவிடுங்கோ.

பஞ்சாங்கப்பித்தன் | இரவு 9.33

சேராது. கடந்தால்தான் கணக்கு.

மட்டுறுத்துநர் | இரவு 9.40

பஞ்சாங்கப்பித்தன் அவர்களின் கடைசி மூன்று பதிவுகளையும் யாரும், அவர் உட்பட, திருத்தவோ நீக்கவோ முடியாதபடி பூட்டியிருக்கிறேன். கார்த்திகை 10 என்பது நவம்பர் 26, 20 என்பது டிசம்பர் 6. இழை திறந்தே இருக்கும். ஆழ்வார்பேட்டை ரசிகன், உங்கள் வீட்டுக் கதையைத் தனி இழையில் எழுதுங்கள்.